வாய் கட்டிய தொட்டி

போன வாரம் எங்கள் பழைய குழுவின் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. கேளம்பாக்கத்தில் புது அபார்ட்மென்ட் வேலையில் இருக்கும் ஒரு ப்ளம்பர் அனுப்பியது. "அண்ணா, காண்ட்ராக்டரு ஆளுக்கொரு கேஸ் மீட்டர் குடுத்துகிறாரு. பழைய டேங்க்குன்னா சரி. புது டேங்க்குக்கும் மாட்டினு போன்றாரு. ஒருத்தன் கூட இன்னும் கக்கூஸ் போவாத டேங்க்குல இன்னா கேஸு கீது? நீங்களே சொல்லுங்க." அதற்குக் கீழே நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

ஒரு வரியில் பதில் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை அது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற ப்ளம்பர். வயது முப்பத்து மூன்று. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஒன்பது வருடம் வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் போட்டேன். இப்போது அதே குழாய்களைக் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து கொடுக்கிறேன். திரையில் இருக்கும் தொட்டிக்கு ஆழம் கிடையாது. எனக்கு அது போதும்.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்தவன். செங்கல்பட்டில் ஒரு அலுவலகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். கால் நிற்கவில்லை. காகிதத்தில் நான் போடுகிற கோடு மண்ணுக்குள் எப்படிப் போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. குணசேகரன் என்ற மேஸ்திரியின் குழுவில் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயதுகூடப் பெரியவர் இல்லை. எல்லோருக்கும் அவர் குணா அண்ணாத்த.

"டிப்ளமாவா?" என்று முதல் நாள் கேட்டார். "சரி. அந்தப் பைப்பைப் புடி. நீ டிப்ளமான்னு அதுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து என் பெயரே டிப்ளமா ஆகிவிட்டது.

முதல் வருடம் முழுவதும் குழாய் அறுத்தேன், விளிம்பைத் தேய்த்தேன், துடைத்தேன், பசை தடவினேன், உள்ளே செருகிக் கால் சுற்று திருப்பி முப்பது எண்ணும் வரை பிடித்தேன். கனவில்கூட எண்ணிக்கொண்டிருந்தேன். வேகமாகக் கற்றுக்கொள்கிறேன் என்று எனக்கே என்மேல் ஒரு மயக்கம்.

குணா அண்ணாத்த குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கலவை மெஷின் சத்தத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் நடந்து வந்து காதருகே சொல்லிவிட்டுப் போவார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "டிப்ளமா சார், இந்த பைப்பு பெண்டு எந்த ஊருக்குப் போவுது சார்?" என்று கேட்டால் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. கட்டிய வேலையை அவர் பார்க்கும் விதமும் தனி. குழாயைத் தொட மாட்டார். முதல் மாடியில் ஒரு குவளை மஞ்சள் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே குழாய்கள் கூடும் சேம்பர் குழி அருகே குந்தி, அது வந்து சேரும் வரை கண் இமைக்காமல் பார்ப்பார். வந்த தண்ணீரை வைத்தே எந்த வளைவில் எத்தனை நேரம் தயங்கியது என்று சொல்லிவிடுவார்.

பத்தடிக்கு இரண்டு இன்ச் சரிவு என்பது அவர் கணக்கு. கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வேலையில் நான் நாலு இன்ச் கொடுத்தேன். வேகமாக ஓடினால் நல்லதுதானே என்று படித்த புத்தி. குடிவந்த இரண்டாம் மாதம் தரைத்தள வீட்டின் குளியலறை வழியாக மேல் மூன்று மாடியின் கழிவும் எழுந்து வந்தது. நாங்கள் போனபோது அந்த வீட்டம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில்மேல் நின்றிருந்தார்.  இந்தத் தொழிலில் என் முதல் பயம் அது.

"ரொம்பச் சரிச்சா தண்ணி ஓடிப்பூடும், பாரம் நின்னுடும்" என்றார் குணா அண்ணாத்த. "ரெண்டும் சேர்ந்து போவணும் சார்."

இரண்டாவது பயம் சதுரங்கப்பட்டினத்தில். அங்கே எங்கே தோண்டினாலும் கடல் மணல். முழங்கால் ஆழம் தாண்டினால் இருபக்கமும் பலகை கொடுக்காமல் இறங்கக் கூடாது என்பது அண்ணாத்தயின் கட்டளை. பலகை வரக் கொஞ்சம் தாமதமானது. எனக்குப் பொறுமை இல்லை. இடுப்பளவு பள்ளத்தில் குனிந்து குழாயைச் செருகிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் அப்படியே நழுவி வந்து உட்கார்ந்தது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. மார்பு வரை மணல். மூச்சை வெளியே விட்டால், விட்ட இடத்தை மணல் பிடித்துக்கொண்டது; திரும்ப உள்ளே இழுக்க இடம் தரவில்லை. அண்ணாத்த மண்வெட்டியைத் தொடவில்லை, வெறும் கையால் அள்ளினார். வெளியே எடுத்துப் போட்டபின் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாஸ்தா துன்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் வரை போர்வையை மார்புக்குமேல் இழுத்து என்னால் படுக்க முடியவில்லை.

இனி அந்தத் தொட்டி.

எங்கள் குழுவில் 'வாய் கட்டு' என்று ஒரு சொல் உண்டு. அன்றைய வேலை முடிந்து கிளம்பும்போது, திறந்திருக்கும் குழாய் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு, சிமென்ட் சாக்கைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி விட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் கொத்தனார் மிச்சக் கலவையை அதில் கொட்டியிருப்பார். டைல்ஸ் போடுகிறவர் உடைந்த துண்டுகளைத் தள்ளியிருப்பார். தவளை குடும்பத்தோடு வந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அடைத்துக்கொண்டால் கெட்ட பெயர் ப்ளம்பருக்கு. குணா அண்ணாத்த வண்டியை உதைக்கும் முன்னால் கேட்கும் ஒரே கேள்வி, "வாய் கட்டினியா?"

நான் கட்டினால் எறும்பு நுழையாது. அதில் எனக்குப் பெருமை.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில், ஈசிஆர் சாலைக்குக் கிழக்கே ஒரு புது வீடு. வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்; அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. பின்பக்கம் பத்தடி நீளம், ஏழடி ஆழத்தில் செப்டிக் டேங்க். மேல் மூடி கான்கிரீட். கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்க, தொட்டிக்குள்ளே சென்ட்ரிங் பலகைகளும் சவுக்குக் கட்டைகளும் முட்டுக் கொடுத்திருந்தது. அந்த சென்ட்ரிங் வேலை ஸ்டீபனுடையது. ஸ்டீபன் என் அக்கா புருஷன். செங்கல்பட்டில் எங்கள் தெருவிலேயே வீடு. மாதா கோயிலில் அவர் பாடினால் மைக் தேவைப்படாது. அப்படி ஒரு குரல்.

கான்கிரீட் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. கிளம்பும் முன் நான் வாய் கட்டினேன். கழிவு வரும் குழாய், வெளியேறும் குழாய், காற்றுக் குழாய், மூன்றுக்கும் மூடி. ஆள் இறங்கும் சதுர வாய்க்கும் கான்கிரீட் மூடியை வைத்து, விளிம்பு முழுக்கக் கலவை பூசினேன். மழைத் தண்ணீர் இறங்கக் கூடாதல்லவா. குணா அண்ணாத்த சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா கட்டிகிற" என்றார். ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய பாராட்டுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து வெயில் அடித்தது. வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை பால் காய்ச்சுதோம் தம்பி. ஊருலருந்து எல்லாரும் வாராங்க. கக்கூஸ் மட்டும் ஆகலன்னா மானம் போயிரும். எப்படியாவது முடிச்சுத் தந்துருங்க."

அன்று செவ்வாய். காலை பத்து மணி இருக்கும். அண்ணாத்த மொட்டை மாடியில் இருந்தார். நான் பின்பக்கம் சேம்பருக்குக் குழாய் சேர்த்துக்கொண்டிருந்தேன். சென்ட்ரிங் பிரிக்க ஸ்டீபன் வந்தார். கூட அவருடைய ஆள் ஏழுமலை. நான் பூசிய மூடியை இருவரும் கடப்பாரையால் நெம்பினார்கள்.

"இன்னா மச்சான், டேங்க்கு கட்டினியா, பேங்க் லாக்கரு கட்டினியா?" என்றார் ஸ்டீபன்.

மூடி புரண்டது. நான் எழுந்துபோய்க் குனிந்து மோந்து பார்த்தேன். இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய தொட்டிக்கு எங்களிடம் முறை இருந்தது. லாரி வந்து உறிஞ்ச வேண்டும், மூடிகள் நாள் முழுக்கத் திறந்து கிடக்க வேண்டும், யாரும் இறங்கக் கூடாது. நாற்றம்தான் எங்களுக்கு எச்சரிக்கை மணி. இந்தத் தொட்டியில் நாற்றமே இல்லை. ஈரச் சிமென்ட் வாசனை, ஊறிய மர வாசனை. கீழே நான் மூடும் முன்பே தேங்கிய மழைத் தண்ணீர் முழங்கால் அளவு, தெளிவாகக்கூட இருந்தது.

"கொஞ்ச நேரம் காத்தாட வுடலாமா மாமா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டேன். அவ்வளவுதான்.

"எதுக்கு? எவன் போயிகிறான் இதுல?"

"அதுவும் சரிதான். புது டேங்க்குதானே. எறங்கு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னது நான்.

"அப்ப மொத ஆளு நாந்தான். ரிப்பன் கொண்டா" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

சுத்தியல் சத்தம் இரண்டு முறை கேட்டது. மூன்றாவது பலமில்லாமல் கேட்டது. பிறகு தண்ணீரில் பலகை விழுந்தது போல ஒரு சத்தம்.

"மாமா?"

நான் கூப்பிட்டு அந்தக் குரல் பதில் தராமல் இருந்ததே இல்லை. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். சுவரோரம் ஒரு சவுக்குக் கட்டையில் சாய்ந்து, தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. வெளிச்சம் பட்டும் அது சுருங்கவில்லை. உடம்பு மெதுவாக, மிக மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

நான் கத்தினேன். ஏணியில் கால் வைத்தேன். ஒரு படி. இரண்டாவது படி. இடுப்பு வரை உள்ளே இருந்தேன். யாரோ பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துத் தரையில் போட்டார்கள். குணா அண்ணாத்த. மாடியிலிருந்து எப்படி வந்தார் என்று தெரியவில்லை. ஏணியை உருவி எறிந்தார். தொட்டி வாயின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஆள் நுழைய வழியில்லாமல் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஏழுமலை அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "எங்க மேஸ்திரி சாவுறான்யா, எந்திரி."

அண்ணாத்த அசையவில்லை. நானும் ஓடிப்போய் முதுகில் அடித்தேன். இரண்டு கையாலும். "வுடு அண்ணாத்த, எங்க அக்கா தாலி, வுடு."

"அடி" என்றார். அப்போதும் அதே குரல். "அடிச்சினே கேளு. நீ எறங்கினா ரெண்டு. ஏழுமலை எறங்கினா மூணு. மாடில ப்ளோயர் கீது, எடுத்தா. நீ கட்டின வாயெல்லாம் அவுரு. ஏழுமலை, ஃபயர் சர்வீஸுக்குப் போனைப் போடு. அந்தக் கொக்கிக் கம்பியக் குடுத்துட்டுப் போடு."

நான் ஓடினேன். துளை போட்ட தூசியை ஊதித் தள்ளும் ப்ளோயர் அது. கொண்டு வந்து வைத்துவிட்டு, கழிவு வரும் குழாயின் வாயில் கட்டிய கம்பியை அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. நான் முறுக்கிய முறுக்கு. நகம் பெயர்ந்தது. கடைசியில் குழாயையே ரம்பத்தால் அறுத்துத் தள்ளினேன். அந்த நாலு இன்ச் ஓட்டையில் ப்ளோயர் மூக்கைச் செருகி, சுற்றிச் சாக்கை அடைத்து ஓடவிட்டேன். பிறகு காற்றுக் குழாயையும் வெளியேறும் குழாயையும் அறுத்தேன். 

திரும்பி வந்தபோது அண்ணாத்த பலகைமேல் குப்புறப் படுத்திருந்தார். முனை வளைந்த அந்த நீளக் கொக்கிக் கம்பியைக் கீழே விட்டு, ஸ்டீபனுடைய சட்டைக் காலரில் மாட்டித் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் அதற்குள் மோவாய்க்கு வந்துவிட்டிருந்தது. மூச்சு இழுக்க வேண்டும்போது மட்டும் தன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பினார். அவருடைய இரண்டு தோளும் நடுங்கிக்கொண்டிருந்தன. "நான் புடிக்கறேன்" என்றேன். "மாத்தினா நழுவிடும்" என்றார். அவ்வளவுதான். ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஒருவர் இறங்கும் வரை நாங்கள் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஏழுமலை ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

குரல் செய்தி அனுப்பியவருக்குப் பதில் இதுதான். அந்தத் தொட்டியில் விஷம் இல்லை. காற்றே இல்லாமல் போயிருந்தது. ஈரப் பலகையும் சவுக்குக் கட்டையும் தண்ணீரில் ஊறி அழுகும்போது உள்ளே இருக்கும் உயிர்க்காற்றை, அதாவது ஆக்சிஜனை, தின்கின்றன. பின்னர் விசாரிக்க வந்த அதிகாரி விளக்கியது அது. வேறு வழியாகக் காற்று வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. வழியை எல்லாம் நான் கட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் நல்ல வேலை என்று பெயரெடுத்த ஒன்றைத்தான் செய்தேன். நன்றாகவே செய்தேன். மூக்கை நம்பாதீர்கள். மீட்டரை மாட்டுங்கள்; ஆக்சிஜன் குறைந்தாலும் அது கத்தும். அதற்கும் மேலே, ஆள் இறங்காமல் பலகை பிரிக்க முடியாத தொட்டி என்றால், அதைக் கட்டும் முறையையே மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டீபன் பிழைத்தார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் நாலாம் நாள் கண் விழித்தார். "நான் எதுக்கு இங்க கீறேன் மச்சான்?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அதையே கேட்டார். ஒரு வாரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும்; ஒவ்வொரு முறையும் 'எறங்கு' என்ற இடத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். இப்போது நடக்கிறார், பேசுகிறார், கொஞ்சம் நிதானமாகப் பாடவும் செய்கிறார். வலது கை விரல்கள் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. சுத்தியல் நிற்காது.

நான் வேலைக்குத் திரும்பினேன். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். குழாய்க்கு மூடி போடப் போனால் கை நின்றுவிடும். போடாமல் விட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ஒரு குழாய் வாய் முன்னால் குந்தி அரை மணி நேரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன் ஒருநாள். அன்று மாலை கருவிப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஆனால் நான் வேலையை விட்டதற்கு அது பாதிக் காரணம்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது ஏழுமலை நடந்ததைச் சொன்னார். மச்சான்காரன் உயிரைப் பார்க்காமல் குதிக்கப் போனான், ப்ளம்பர் மேஸ்திரி விடவில்லை, அவன் அடித்தும் விடவில்லை என்று. எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பார்க்க வந்த குணா அண்ணாத்தயைப் பார்த்து அக்கா கேட்டாள்: "உள்ள ஒருத்தன் செத்துகினு கீறான், நீ மேல உக்காந்துகினு இருந்தியாமே. உன் கூடப் பொறந்தவனா இருந்தா உக்காருவியா?" அவர் தோளைத் தூக்க முடியாமல் ஒரு கையைத் தொங்கவிட்டபடி நின்றுவிட்டுப் போனார். கொக்கியைப் பிடித்திருந்தது யார் என்று அக்காவுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே இருந்தேன்.

உண்மை இதுதான். ஏணியில் இரண்டாவது படியில் நான் நின்றுவிட்டேன். அவர் இழுப்பதற்கு முன்பே நின்றுவிட்டேன். கால் கீழே போகவில்லை. சட்டையில் அவர் கை விழுந்தபோது, அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் வாயின்மேல் உட்கார்ந்த பிறகுதான், இனி இறங்க முடியாது என்று உறுதியான பிறகுதான், நான் அடித்தேன்.

பையைக் கொடுக்கப் போன அன்று அவரிடம் இதைச் சொன்னேன். அவர் மட்டம் பார்க்கும் ப்ளாஸ்டிக் குழாயான ட்யூப் லெவலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஏழுமலை இழுத்த இழுப்பு இன்னும் வலிக்குது. நீ அடிச்சது வலிக்கவே இல்லடா."

குழாயைச் சுருட்டி முடித்தார். "உங்க அக்காகிட்ட போய் ஒளறாத. அது என்னத் திட்டிகினு இருந்தா உன்ன ஒண்ணும் கேக்காது. போ."

மூன்று வருடம் அப்படியே விட்டிருந்தேன். நேற்று, இதுவரை எழுதியதை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டீபன் மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். 'எறங்கு' என்ற இடத்தில் அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். முடித்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு நம்பரு உன்கிட்ட கீதா?"

கொடுத்தேன். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை. கதவருகே போய்க் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.